கல்லின் காலம் தேடியவர்

எழுத்துத் தோன்றாக் காலத்து மாந்தர் தம் வரலாற்றை எழுதி வைக்கவில்லை. அவர்கள் விட்டுச் சென்ற கற்கருவிகளே நமக்குச் சான்று. இந்தியாவில் அச்சான்றைத் தேடி வாழ்நாளெல்லாம் உழைத்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டு பிறந்த இவர், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். தமிழறிஞர் பீட்டர் பெர்சிவல் இவருடைய மாமனார். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் சரளை எடுக்கத் தோண்டிய குழியில் ஒரு கல்லைக் கண்டார். அது தானாக உடைந்த கல்லன்று. மனிதர் கையால் செதுக்கப்பட்ட கருவி என்று தெளிந்தார். அவ்வாண்டு செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் சென்று அத்திரம்பாக்கத்திலும் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார்.

அக்கருவிகளின் வயது என்ன? மண்ணடுக்குகளுள் கீழே உள்ளது முந்தியது, மேலே உள்ளது பிந்தியது என்பதை மட்டுமே அன்று கூற இயன்றது. ஆண்டுக்கணக்கை அறிய வழி இல்லை. ஆயினும் ஃபூட் சோர்வடையவில்லை. தென்னிந்தியாவிலும் குஜராத்திலும் நூற்றுக்கணக்கான இடங்களைக் கண்டறிந்து, கிடைத்த பொருள்களை இடவாரியாகப் பட்டியலிட்டார். அத்தொகுப்பு சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1912இல் அவர் கல்கத்தாவில் மறைந்தார். வினா மட்டும் எஞ்சியது.

விடை ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் கிடைத்தது. நீரடியில் களிமண் படியும்போது, அதிலுள்ள இரும்புக் கனிமத் துகள்கள் திசைகாட்டி முள்போலப் புவியின் காந்தப்புலத் திசையில் அமைகின்றன. சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்வரை அப்புலம் இன்றைக்கு எதிர்த்திசையில் இருந்தது. அத்திரம்பாக்கத்தின் அடியடுக்குகள் அந்த எதிர்த்திசையையே காட்டின. அதனால் அவை அக்காலத்திற்கு முந்தியவை எனத் தெரிந்தது. கல்லிலுள்ள குவார்ட்சு என்னும் கனிமம் மற்றொரு சான்றளித்தது. நிலத்தின்மேல் கிடக்கும்போது, விண்வெளியிலிருந்து வரும் கதிர்களால் அதில் இருவகை அணுக்கள் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்தபின் அவை வெவ்வேறு வேகத்தில் சிதைந்து குறைகின்றன. எஞ்சிய அளவுகளை ஒப்பிட்டால் புதைந்த காலம் புலப்படும். இவ்விரு சான்றுகளாலும் அங்குள்ள கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் அறிவித்தனர்.

ஃபூட் விடையைக் காணவில்லை. ஆனால் விடை கிடைத்த நிலத்தை முதலில் காட்டியவர் அவரே.

வினாக்கள்
1. பல்லாவரத்தில் கிடைத்த கல்லைப் பற்றி ஃபூட் தெளிந்தது யாது?
2. களிமண்ணின் காந்தத்திசை கருவிகளின் காலத்தை அறிய எவ்வாறு உதவியது?
3. விடை அறியாத நிலையிலும் ஃபூட் ஆற்றிய பணி ஏன் பயனுடையதாயிற்று?