கொள்ளைநோயை எதிர்த்து நின்ற பினாங்கு வைத்தியர்

காவிரிப் பாசன நாட்டிலிருந்து கடல் கடந்து பிழைக்கப் போனவர்களின் கதை நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு உண்டு. நீடாமங்கலத்தில் ரயிலேறினால் திருவாரூர், அப்பால் நாகப்பட்டினம், அங்கே கப்பலேறினால் பினாங்கு. அந்தக் கப்பல் போக்குவரத்து நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் பினாங்கு நகரத்துச் சூலியா வீதி இன்றும் நம் கரையிலிருந்து சென்ற முஸ்லிம் வர்த்தகர்களின் பெயரையே தாங்கி நிற்கிறது. நாகூர் ஆண்டவர் பெயரால் எழுந்த தர்கா ஒன்றும் அவ்வீதி முனையில் உண்டு. இத்தகைய வீதியில், 1904-ஆம் வருஷக் கடைசியில், சீமையில் படித்துத் திரும்பிய ஒரு சீன வாலிபர் வைத்தியசாலை திறந்தார். அவரே டாக்டர் வூ லியென் டே. கொள்ளைநோய்க்கு எதிரே சாதாரணச் சல்லாத்துணியை ஒழுங்கான ஓர் ஆயுதமாக்கிக் காட்டிய அப்பெரியாரின் சரித்திரத்தை நம் நேயர்கள் அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம்.

அவர் பினாங்கில் 1879 மார்ச் 10-ந் தேதி பிறந்தார். தந்தையார் சீன தேசத்திலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு இலவசப் பாடசாலையில் படித்து, 1896-இல் ராணியின் பெயரால் வழங்கப்பட்ட உபகாரச் சம்பளத்தைப் பரீட்சையில் வென்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே வைத்தியம் படித்த முதல் சீனர் அவரே. லண்டன், லிவர்ப்பூல், பாரிஸ் முதலிய இடங்களில் கிருமி ஆராய்ச்சியும் பயின்று 1903-இல் ஊர் திரும்பினார். இவ்வளவு தகுதி பெற்றும் பிரிட்டிஷ் மலேயாவின் சர்க்கார் வைத்திய இலாகாவில் உயர்ந்த உத்தியோகம் அவருக்குக் கிட்டவில்லை. அவை வெள்ளையருக்கே உரியவை. இவ்விதமான கதை நம் நாட்டாருக்குப் புதிதன்று.

வைத்தியத்தோடு அவர் நிற்கவும் இல்லை. அபின் வியாபாரத்தினால் சர்க்கார் பொக்கிஷம் நிரம்பிய அக்காலத்தில் அபின் எதிர்ப்புச் சங்கத்துக்குத் தலைமை வகித்தார். 1906-இல் மகாநாடு கூட்டினார். விளைவு என்ன? 1907-இல் அவருடைய வைத்தியசாலை சோதனையிடப்பட்டது. மருந்துக்கென்று வைத்திருந்த சிறிதளவு அபின் சத்து அகப்பட்டதாக வழக்குத் தொடர்ந்து அபராதமும் விதித்தார்கள். சட்டத்தின் எழுத்தைக் காட்டி ஒரு மனிதனின் வாயை மூடுவது எப்படி என்பதை நீதிமன்றங்களில் பழகிய நாம் விவரிக்க வேண்டியதில்லை. 1908-இல் தியன்ஸின் நகரத்து ராணுவ வைத்தியக் கலாசாலையில் உபதலைவர் பதவியேற்று அவர் சீனா சென்றார். சீன பாஷை அவருக்கு அப்போது சரியாகப் பேசவும் வராது.

1910 டிசம்பரில் வட மஞ்சூரியாவிலிருந்து பயங்கரமான செய்தி வந்தது. ஹார்பின் நகரத்தில் ஜனங்கள் காய்ச்சல் கண்டு, இருமி, ரத்தம் கக்கி, இரண்டொரு நாளில் மடிந்துகொண்டிருந்தார்கள். நோய் கண்டவர் பிழைத்ததாகப் பேச்சே இல்லை. சீன அயல்நாட்டு இலாகா வூவை அனுப்பிற்று. அவருக்கு வயது 31. ஒரு மாணவரை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு டிசம்பர் 24-ந் தேதி ஹார்பின் சேர்ந்தார். மூன்றாம் நாள், அந்நோயால் இறந்த ஜப்பானியப் பெண்மணி ஒருத்தியின் உடலை அறுத்துப் பரிசோதித்தார். பிணத்தை அறுப்பது சீனாவில் அக்காலத்தில் பெருங்குற்றமாகக் கருதப்பட்டதால் அதை மறைவாகவே செய்ய நேர்ந்தது. நுரையீரலில் பிளேக் கிருமிகள் மலிந்து கிடந்தன.

பிளேக் என்றவுடன் எலியைத் தேடுவது அக்கால வைத்தியர்களின் வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. 1896-இல் பம்பாயில் தொடங்கி நம் ஜனங்கள் பட்ட பாட்டிலிருந்தே, எலியும் அதன் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியும் நோயைப் பரப்புகின்றன என்னும் உண்மையை உலகம் கற்றது. ஆனால் ஹார்பினில் அக்கட்டியும் இல்லை, தொடைக்கட்டியும் இல்லை. எலிகளிடம் நோயும் இல்லை. தோலுக்காக வேட்டையாடப்படும் தர்பகன் என்ற, வளையில் வாழும் பிராணியிடமிருந்து வேடர்களுக்கு வந்த நோய், அவர்கள் குளிருக்கு அடைந்து கிடந்த நெருக்கமான சத்திரங்களில் மூச்சின் வழியே ஆளுக்கு ஆள் தாவிற்று என்று வூ முடிவு கட்டினார். ஆகவே எலி பிடிப்பதை விட்டு மூக்கையும் வாயையும் காக்க வேண்டும் என்றார்.

அதற்கு அவர் செய்த ஏற்பாடு மிக எளிது. அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படும் சல்லாத்துணியை மூன்றடி நீளமாகக் கத்தரித்து மடித்து, நடுவே ஆறங்குலத்துக்கு நாலங்குலம் பஞ்சுப் பட்டையை வைத்தார். துணியின் இரு முனைகளையும் கிழித்து வார்களாக்கி, மேல் வாரைக் காதுக்கு மேலும் கீழ் வாரைக் காதுக்குக் கீழும் கொண்டுபோய்த் தலைக்குப் பின்னால் முடியச் செய்தார். ஒன்றின் விலை இரண்டரை காசுக்கு மேல் இல்லை. எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும் சாமான், எவரும் செய்யக்கூடிய வேலை. இம்முகமூடியின் பெருமை அதன் மலிவிலேயே இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

இதை ஒப்பாதவரும் இருந்தனர். தியன்ஸினில் வைத்தியப் பேராசிரியராயிருந்த மெஸ்னி என்னும் பிரெஞ்சுக்காரர் 1911 ஜனவரி 2-ந் தேதி ஹார்பின் வந்தார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். முன்பே பிளேக் நோயைக் கையாண்டவர். தம்மையே தலைவராக்க வேண்டுமென்று கோரினார். நோய் காற்றில் பரவுகிறது என்று ஒரு சீன வாலிபன் தமக்குப் போதிப்பதா என்று சீறினார். வூ வாதாடவில்லை. தம்மை விடுவிக்கும்படி தந்தி கொடுத்தார். சீன சர்க்கார் அவரையே நிலைநிறுத்திற்று. மெஸ்னி தாமாகவே ரஷ்ய ஆஸ்பத்திரிக்குச் சென்று நோயாளிகளைச் சோதித்தார். உடம்பில் வெள்ளை அங்கி, தலையில் குல்லாய், கைகளில் ரப்பர் உறை. முகத்தில் மட்டும் ஏதுமில்லை. ஜனவரி 11-ந் தேதி அவர் இறந்தார். அதன்பின் ஹார்பினில் முகமூடி இல்லாதவரைக் காண்பது அரிதாயிற்று. ஆயினும் பலர் அதை மூக்கில் கட்டாமல் தாயத்தைப் போலக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிந்தார்கள். 2020-ஆம் வருஷத்தில் நம் கடைத்தெருக்களில் தாடைக்குக் கீழே முகமூடி தொங்கிய கோலத்தைக் கண்டவர்கள், மனித சுபாவம் நூறு வருஷங்களில் அதிகம் மாறிவிடவில்லை என்பதை உணர்வார்கள்.

இவ்விடத்தில் சற்று நின்று ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் புகக் கற்றிருந்தான்; வெளியேறக் கற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கவசத்தின் கதையும் அதுவே. அணிந்துகொள்ளும்போது அது சுத்தமானது. அவிழ்க்கும்போது அதன் வெளிப்புறம் முழுவதும் விஷம். 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோய் பரவியபோது, மாட்ரிட் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்குப் பணிவிடை செய்த உதவிச் செவிலிக்கு அது தொற்றிற்று. கவசத்தைக் கழற்றுகையில் கையுறை முகத்தில் பட்டிருக்கக்கூடும் என்றே பின்னர் கருதப்பட்டது. அவர் பிழைத்தது தெய்வாதீனம். அமெரிக்காவில் கிளீவ்லண்டு ஆஸ்பத்திரிகளில், ஒளிரும் திரவத்தைக் கவசத்தின் மேல் பூசி, அதைக் கழற்றும்படி ஊழியர்களை ஏவிப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி 435 தடவைகளில் 200 தடவை அத்திரவம் அவர்களுடைய தோலிலோ உடையிலோ ஒட்டியிருந்தது. இவர்கள் பழகிய ஊழியர்கள் என்பது கவனிக்கற்பாலது. பயிற்சி கொடுத்தபின் இத்தவறு பெரிதும் குறைந்தது.

ஆகவே கழற்றுவதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். அணியும்போது கை கழுவி, முதலில் அங்கி, பின்பு முகமூடி, பின்பு கண்ணாடி, கடைசியில் அங்கியின் கை விளிம்பை மூடும்படி கையுறை. கழற்றும்போது, மிகவும் அசுத்தமான கையுறை முதலில் போகிறது. ஒரு கையின் உறையை வெளிப்புறத்தில் பற்றி உரித்து, மறு கையின் உறைக்குள் விரலை உட்புறமாக நுழைத்துச் சுருட்டி எடுக்க வேண்டும். வெறும் விரல் வெளிப்புறத்தைத் தொடலாகாது. பின்பு கண்ணாடியைப் பின்பக்க வாரைப் பிடித்து எடுத்து, அங்கியை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டித் தொட்டியில் இட வேண்டும். முகமூடி கடைசியில், நோயாளியின் அறையை விட்டு வெளியே வந்தபிறகு. முன்பக்கத்தைத் தொடாமல் கீழ் வாரை முதலிலும் மேல் வாரைப் பின்னரும் அவிழ்க்க வேண்டும். உடனே கை கழுவ வேண்டும். இடையில் கை அசுத்தமானால் அப்போதே கழுவ வேண்டும். உடல் முழுவதும் மூடும் கவசமாயின் படிகள் சிறிது வேறுபடும், விதி ஒன்றே. சித்திரை வைகாசி வெயிலில் பல மணி நேரம் தாகத்துக்கு நீரருந்தவும் வழியின்றி அதற்குள் வெந்தவர்களுக்கு, எப்போது கழற்றி எறிவோம் என்றிருப்பது இயற்கை. அந்த அவசரந்தான் ஆளைக் கொல்கிறது. அதனால் கழற்றுமிடத்தில் படிகளைப் படித்துச் சொல்லி மேற்பார்க்க இன்னொருவர் இருக்கவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அந்த இன்னொருவருக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாத நிர்வாகம் எத்தனை ஆயிரம் கவசங்களை வாங்கிக் குவித்தாலும் வீணே. 2020-இல் கவச உடைக்கு வெளிநாடுகளை எதிர்பார்த்திருந்த நம் தேசம், சில மாதங்களுக்குள் தானே தினம் லட்சக்கணக்கில் தைக்கத் தொடங்கியதும், அத்துணிகளைக் கோயம்புத்தூரில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் சோதித்துக் கொடுத்ததும் நமக்குப் பெருமையே. தைக்கக் கற்ற வேகத்தில் கழற்றவும் கற்பித்தோமா என்பதே கேள்வி.

ஹார்பினுக்குத் திரும்புவோம். அங்கே யார் அதிகமாக இறந்தார்கள்? வைத்தியர்களல்லர். நோயாளிகளை ஏற்றிச் சென்ற வண்டியோட்டிகளும் பிணங்களைச் சுமந்தவர்களுமே அதிகமாக மாண்டார்கள். முகமூடி அவர்களுக்கும் கொடுக்கப்பட்டது. ஆனால் ஏன் கட்டவேண்டும், எப்படிக் கட்டவேண்டும் என்பது வைத்திய மாணவனுக்குப் புரிந்ததுபோல அவர்களுக்குப் புரியவில்லை. நம் ஆஸ்பத்திரிகளிலும் அழுக்குத் துணி அலசுபவர், கழிவு அள்ளுபவர், பிண அறைக் காவலர் என்போர் பயிற்சி வகுப்பின் கடைசி வரிசையில்கூட இடம் பெறாமல் போவதுண்டு.

தொடாமை என்பது நமக்குத் தெரியாத சாஸ்திரமன்று. சுடுகாட்டிலிருந்து திரும்பியவன் குளிக்கும் வரை வீட்டில் எதையும் தீண்டுவதில்லை. அதில் ஒரு சுகாதார நியாயம் உண்டு. அந்த நியாயத்தைப் பொருள்களை விட்டு மனிதர் மேல் ஏற்றியதுதான் நாம் செய்த பாதகம். நீடாமங்கலத்தில் 1937 டிசம்பரில் நடந்த காங்கிரஸ் மகாநாட்டின் சமபந்தியில் உட்கார்ந்து உண்டதற்காக ஆதிதிராவிடர்கள் அடித்து அவமானப்படுத்தப்பட்ட செய்தி இவ்வூருக்கும் தேசிய இயக்கத்துக்கும் தீராத தலைகுனிவு. தீண்டத்தகாதது நோயாளியைத் தொட்ட கையுறையின் மேற்புறம். அதைக் கழுவியெடுக்கும் மனிதனல்லன். அவனுக்கு நல்ல கையுறை கொடுத்து, கழற்றும் விதத்தைப் பக்கத்தில் நின்று கற்பிப்பது வைத்திய அதிகாரியின் கடமை. அது நடக்கிறதா என்று கேட்பது நம் ஊர்த் தொண்டர்களின் கடமை.

நோயை அடக்க வூ செய்த மற்றக் காரியங்களும் கடுமையானவை. சீனர் குடியிருந்த பகுதியை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி நிறத்தில் கைப்பட்டை வழங்கினார். நோயாளிகளோடு பழகினவர்களைத் தனியே வைக்க ரஷ்ய ரயில்வேயிடம் சரக்கு வண்டிகளை வாங்கினார். சிப்பாய்கள் வீடு வீடாகச் சோதித்தார்கள். ஜனங்கள் எதிர்த்தார்கள், பிணங்களை மறைத்தார்கள். 1897-இல் பூனாவில் பிளேக் சோதனையென்று வெள்ளைச் சிப்பாய்கள் வீடுகளில் புகுந்ததன் விளைவை நம் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சொந்த தேசத்தாரே செய்தாலும் கடுமை கடுமையே. எனினும் ஏன் செய்கிறோமென்று சொல்லிச் செய்கிறவனுக்கும் சொல்லாமல் செய்கிறவனுக்கும் பேதமுண்டு.

பெரிய சோதனை பிணங்களால் வந்தது. குளிரில் பூமி பாறையாக இறுகிக் குழி தோண்ட முடியாமல், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சவப்பெட்டிகளும் பிணங்களும் இடுகாட்டில் வெளியே கிடந்தன. நமக்கு எரிப்பது சாதாரணம். சீனருக்கோ அது முன்னோருக்கு இழைக்கும் துரோகம். வூ சக்கரவர்த்தியின் சர்க்காருக்கே விண்ணப்பித்து அனுமதி பெற்றார். 1911 ஜனவரி 31-ந் தேதி அவை அனைத்தும் எரிக்கப்பட்டன. அன்றுமுதல் சாவின் தொகை குறையத் தொடங்கி, மார்ச் 1-ந் தேதியோடு ஹார்பினில் நோய் நின்றது. அதற்குள் மஞ்சூரியா முழுவதிலும் சுமார் 60,000 பேர் இறந்துவிட்டார்கள். ஏப்ரலில் முக்டென் நகரத்தில் 11 தேசத்து நிபுணர்கள் கூடிய சர்வதேச பிளேக் மகாநாட்டுக்கு வூவே தலைமை வகித்தார். சூலியா வீதியில் அபராதம் கட்டியவர் வெள்ளை நிபுணர்களுக்கு மத்தியில் தலைமை ஆசனத்தில் அமர்ந்த காட்சி ஆசிய ஜனங்களுக்கெல்லாம் கௌரவமாகும்.

பிற்காலத்தில் அவர் மஞ்சூரியப் பிளேக் தடுப்பு இலாகாவை அமைத்து நடத்தினார். 1920-இல் அந்நோய் மீண்டும் தலைகாட்டியபோது, முன்போல் பரவவிடாமல் தடுத்தார். 1930-இல் சீனத் துறைமுகங்களின் நோய்த் தடுப்பு நிர்வாகத்தை ஏற்றார். 1931-இல் ஜப்பானியர் அவரை ஒற்றரென்று பிடித்து வைத்தார்கள். 1935-இல் அவர் பெயர் நோபல் பரிசுக்குப் பிரேரேபிக்கப்பட்டது. பரிசு வேறொருவருக்குச் சென்றது. 1937-இல் யுத்தம் ஷாங்காயைச் சூழ்ந்தபோது மலேயாவுக்குத் திரும்பி, ஈப்போ நகரில் சாதாரண வைத்தியராகத் தொழில் நடத்தினார். ஏழைகளிடம் காசு வாங்கவில்லை. 1959-இல் தம் சரித்திரத்தைத் தாமே எழுதி வெளியிட்டார். 1960 ஜனவரி 21-ந் தேதி, தமது 80-ஆவது வயதில், பிறந்த ஊராகிய பினாங்கிலேயே காலமானார்.