மீன்களின் பெயர் தேடிய டாக்டர்

குழந்தைகளே! விருதுநகர் மாவட்டத்தில் உள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் போயிருக்கிறீர்களா? கரிசல் மண்ணும் கருவேல மரங்களும் நிறைந்த வறண்ட பூமி அது. குண்டாற்றில் ஆண்டின் பல மாதங்கள் மணல்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து கண்மாய்கள் நிரம்பிவிட்டால் போதும். கொஞ்ச நாளில் மீன்கள் துள்ள ஆரம்பித்துவிடும்.

கோடையில் வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் இந்த மீன்கள் எப்படி வந்தன? வானத்திலிருந்து விழுந்தனவா? இல்லை. சில மீன்கள் ஓடைத் தண்ணீரை எதிர்த்து நீந்தி வந்தவை. சில, கண்மாயின் பள்ளத்தில் வற்றாமல் இருந்த கடைசிக் குட்டையில் பிழைத்துக் கிடந்தவை. இன்னும் சில, ஈரச் சேற்றுக்குள் புதைந்து காத்திருந்தவை.

இப்படி நம் நாட்டு மீன்கள் எப்படி வாழ்கின்றன, அவற்றை எப்படி அடையாளம் காண்பது என்று ஆராய்வதிலேயே தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார் ஒரு டாக்டர். அவர் பெயர் பிரான்சிஸ் டே.

டே 1829-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி இங்கிலாந்தில், சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த மேர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். மருத்துவம் படித்துவிட்டு, 1852-இல் சென்னை ராணுவத்தில் மருத்துவராகச் சேர்ந்தார். வேலை நோயாளிகளைக் கவனிப்பது. ஆசையோ பறவை, விலங்கு, மீன் என்று எல்லா உயிர்கள் மீதும்! கொச்சியில் பணியாற்றியபோது மீன்கள் அவர் மனதை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டன. மலபார் பகுதி மீன்களைப் பற்றி 1865-இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

அந்தக் காலத்தில் மீன்களைப் பற்றிப் படிப்பது எளிதான வேலை இல்லை, குழந்தைகளே! குளிர்பதனப் பெட்டி கிடையாது. நம் ஊர் வெயிலில் மீன் சில மணி நேரத்திலேயே கெட்டுப் போகும். பிடித்த உடனே நிறத்தைக் குறித்துக்கொண்டு, சாராயம் நிரப்பிய ஜாடியில் போட்டுப் பாதுகாக்க வேண்டும்.

மீசை இருக்கிறதா, எத்தனை? முதுகுத் துடுப்பில் எத்தனை முள்? உடம்பின் பக்கவாட்டில் ஓடும் கோட்டில் எத்தனை செதில்? இப்படி ஒவ்வொன்றையும் எண்ணி எழுத வேண்டும்.

செதிலை எண்ணுவதால் என்ன லாபம் என்று கேட்கிறீர்களா? நம் கண்மாய்களில் விரால் இருக்கிறது. அதன் உறவுக்கார மீனான குரவையும் இருக்கிறது. சின்னதாக இருக்கும்போது இரண்டையும் பார்த்து ஏமாந்துவிடலாம். பக்கக் கோட்டில் உள்ள செதில்களை எண்ணுங்கள். 50-க்கு மேல் இருந்தால் விரால். 40-ஐ ஒட்டி இருந்தால் குரவை. எண்ணத் தெரிந்தவர் ஏமாற மாட்டார்!

டேயிடம் இன்னொரு நல்ல பழக்கமும் இருந்தது. ஒவ்வொரு மீனுக்கும் அந்தந்த ஊர் மக்கள் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வார். நாம் விரால் என்கிறோம். கேரளத்தில் அது வரால், ஆந்திரத்தில் கொர்ரமீனு. இத்தனை பெயரும் ஒரே மீனுக்குத்தான் என்று தெரிந்தால்தானே, அது எங்கெங்கே வாழ்கிறது என்று கணக்குப் பார்க்க முடியும்? அதனால்தான் அவருடைய புத்தகங்களில் அறிவியல் பெயரோடு தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்களும் இடம்பெற்றன.

விராலை வைத்து அவர் செய்த சோதனை ஒன்று மிகவும் சுவையானது. மீன் என்றால் தண்ணீருக்குள் இருந்தால் போதும் என்றுதானே நினைக்கிறோம்? தொட்டியில் விட்ட விரால், நீரின் மேற்பரப்புக்கு வர முடியாதபடி அவர் வலையால் தடுத்துப் பார்த்தார். தண்ணீருக்குள் இருந்தும் அது மூச்சு முட்டி இறந்தது! செவுள் மட்டும் அதற்குப் போதாது. அடிக்கடி மேலே வந்து காற்றையும் குடிக்க வேண்டும். பனையேறிக் கெண்டையும் அப்படித்தான். இந்தத் திறமை இருப்பதால்தான் தண்ணீர் வற்றிச் சேறாகும் கண்மாயிலும் இவை பிழைத்துக்கொள்கின்றன. வறண்ட பூமிக்கென்றே பிறந்த மீன்கள்!

1871-இல் இந்தியா முழுவதற்குமான மீன்வளத் துறைத் தலைமை ஆய்வாளராக டே நியமிக்கப்பட்டார். இந்தியாவிலும் பர்மாவிலும் ஊர் ஊராகச் சுற்றினார். மாவட்ட அதிகாரிகளுக்குக் கேள்விகள் அனுப்பினார். மீன் குறைகிறதா? வலையின் கண் எவ்வளவு சிறியது? குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா? நீரில் நஞ்சு கலக்கிறார்களா? வந்த பதில்களைத் தொகுத்து 1873-இல் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டார்.

அதில் அவர் கண்ட உண்மை கவலை தருவதாக இருந்தது. பல ஊர்களில் கொசுவலை போன்ற நெருக்கமான வலைகளால் குஞ்சுகளையும் வாரி எடுத்துவிடுகிறார்கள். வாய்க்காலிலும் வயலிலும் பொறி வைத்து, முட்டையிட வரும் தாய் மீனையும் பிடித்துவிடுகிறார்கள். நஞ்சு கலந்தால் சிறியது பெரியது எல்லாமே செத்து மிதக்கின்றன.

கொள்ளிடத்தில் கட்டிய அணைகள், கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குள் வரும் உள்ளம் மீனின் பாதையை அடைக்கின்றன என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். வலையின் கண்ணுக்கு ஓர் அளவு வேண்டும், நஞ்சைத் தடுக்க வேண்டும், அணைகளில் மீன் ஏறிச் செல்ல வழி வேண்டும் என்று அரசிடம் வற்புறுத்தினார்.

ஏழைகளின் உணவு என்னாவது என்று சில அதிகாரிகள் தயங்கினார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் இன்று குஞ்சுகளை அழித்துவிட்டால், நாளை அதே ஏழைகளுக்கு மீன் ஏது? அதுதான் டேயின் வாதம். சட்டம் வர வெகுகாலம் ஆனது. நீரில் நஞ்சு கலந்தோ வெடி வைத்தோ மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல்தான் வந்தது. அதைப் பார்க்க டே உயிரோடு இல்லை.

1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இந்திய மீன்கள் பற்றிய நூல்தான் அவருடைய பெரிய சாதனை. ஏறக்குறைய 200 பக்கங்களுக்கு அழகான படங்களே நிறைந்திருந்தன. பிறகு 1889-இல் வந்த இரண்டு தொகுதிகளில் 1,400-க்கும் மேற்பட்ட மீன் இனங்களை விளக்கினார். லண்டன் அருங்காட்சியகத்தின் மீன் நிபுணரோடு அவருக்கு மனத்தாங்கல் இருந்தது. அதனால் தன் சேகரிப்பில் பெரும்பகுதியை 1883-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார். நம் நாட்டு மீன்கள் இன்றும் அங்கே ஜாடிகளில் இருக்கின்றன!

1889-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி இங்கிலாந்தில் உள்ள செல்டன்ஹாமில் டே காலமானார்.

அவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அவருடைய கவலை தீர்ந்துவிடவில்லை. கோடையில் கண்மாய் வற்றும்போது தென்மாவட்டங்களில் ஊரே கூடி, ஊத்தாவும் வலையுமாக மீன் பிடிப்பது வழக்கம். பெரிய மீனைப் பிடித்துச் சாப்பிடலாம், தவறில்லை. ஆனால் கடைசிக் குட்டையில் கிடக்கும் குஞ்சுகளையும் விடாமல் அள்ளிவிட்டால், அடுத்த மழைக்கு விதை மீன் இருக்காது. விதை நெல்லை யாராவது சமைத்துச் சாப்பிடுவார்களா?

இன்னொரு ஆபத்தும் வந்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி என்ற வெளிநாட்டு மீன், கிடைத்ததையெல்லாம் விழுங்கி நம் மீன்களை அழித்துவிடும். அதை வளர்ப்பதை அரசு 2000-ஆம் ஆண்டில் தடை செய்தது. ஆனால் நம் மீசை மீன்களுக்கும் அதற்கும் வேறுபாடு தெரிந்தால்தானே அதை விரட்ட முடியும்? டே செதில் எண்ணியது ஏன் என்று இப்போது புரிகிறதா?

நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள், குழந்தைகளே! உங்கள் ஊர்க் கண்மாயிலோ சந்தையிலோ பார்க்கும் ஒவ்வொரு மீனின் பெயரையும் தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். மீசையையும் முள்ளையும் எண்ணுங்கள், படம் வரையுங்கள். தண்ணீரில் சிவப்பாகக் கூட்டமாய்ச் சுற்றும் குட்டி மீன்களைக் கண்டால் கலைக்காதீர்கள். அவை விரால் குஞ்சுகளாக இருக்கலாம். பக்கத்திலேயே பெரிய விரால் காவல் காத்துக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சுகளும் அநாதைதான்!