கே. எஸ். கிருஷ்ணன்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 - ஜூன் 1961) தமிழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது ச. வெ. இராமனுடன் இணைந்து பணியாற்றியவர். படிகங்களின் காந்தப் பண்பை அளக்க நுண்ணிய முறையொன்றை வகுத்ததும் இவரது முக்கியப் பங்களிப்பாகும்.

வாழ்க்கை

இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். 1923இல் கொல்கத்தாவில் இராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். ஒளிச்சிதறல் பற்றி இருவரும் எழுதிய குறிப்பு 1928இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1928 இறுதியில், கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகம் சென்று காந்தவியல் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். 1933இல் கொல்கத்தா திரும்பினார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

காந்த ஆய்வுகள்

படிகங்கள் பலவற்றின் காந்த ஏற்புத்திறன் திசைக்குத் திசை வேறுபடும். படிகத்தைப் பொடியாக்கி அளந்தால் அவ்வேறுபாடு சராசரியில் மறைந்துவிடும். ஆகவே கிருஷ்ணன் ஒற்றைப் படிகத்தை மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிட்டு, சீரான காந்தப் புலத்தில் வைத்தார். இழையின் மேல்முனையை முறுக்கிக்கொண்டே சென்றால், படிகம் தன் இயல்பு நிலையிலிருந்து ஏறத்தாழ 45 பாகை திரும்பியதும் நிலைகுலைந்து சட்டெனச் சுழலும். அதுவரை இழை முறுக்கப்பட்ட கோணத்திலிருந்து திசைவேறுபாட்டின் அளவு கணக்கிடப்பட்டது. படிகத்தினுள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்துள்ளன என்பதையும் இதனால் அறிய முடிந்தது.

அணுக்களின் ஒழுங்கின்மையும் அவரது ஆய்வுப் பொருளாயிற்று. உருகிய உலோகங்களில் அணுக்களின் ஒழுங்கற்ற அமைப்பு எலக்ட்ரான்களைச் சிதறடித்து மின்தடையை உண்டாக்குவதை, 1945இல் ஏ. பி. பாட்டியாவுடன் சேர்ந்து விளக்கினார்.

பிற்காலத் தொடர்பு

இரும்புசார் மீகடத்திகள் 2008 முதல் விரிவாக ஆராயப்படுகின்றன. பேரியம், இரும்பு, ஆர்சனிக் ஆகியவை சேர்ந்த சேர்மத்தில் இரும்பணுக்கள் சிலவற்றின் இடத்தில் கோபால்ட் அணுக்களைப் புகுத்தினால், காந்த ஒழுங்கு நலிந்து மீகடத்தல் தோன்றுகிறது. இம்மாற்றத்தில் கூடுதல் எலக்ட்ரான்களின் பங்கு எவ்வளவு, அணுக்கலப்பால் நேரும் ஒழுங்கின்மையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. காந்தப் புலத்தில் படிகத்தின்மீது செயல்படும் முறுக்குவிசையை அளத்தல் இத்தகைய பொருள்களின் ஆய்விலும் கையாளப்படுகிறது. கருவிகள் மாறியிருப்பினும் அடிப்படைக் கருத்து ஒன்றே.

சிறப்புகள்

1940இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1946இல் சர் பட்டமும், 1954இல் பத்ம பூசண் விருதும், 1958இல் பட்நாகர் விருதும் பெற்றார். 1947இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அவ்வாய்வகம் அமைந்துள்ள சாலை இவரது பெயரைத் தாங்கியுள்ளது.