இந்தியாவின் முதல் கம்ப்யூட்டரைக் கட்டிய பேராசிரியர் நரசிம்மன்

மும்பையின் தென்கோடியில், கொலாபா கடலோரத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் முழு அளவு மின்னணுக் கம்ப்யூட்டர் இந்த நிலையத்தாருடையதுதான். அதைக் கட்டிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஒரு சென்னைக்காரர். அவர்தான் பேராசிரியர் ரங்கசுவாமி நரசிம்மன்.

கிண்டியில் படிப்பு

நரசிம்மன் 1926-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புத் துறையில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்கா சென்று கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின் பொறியியலும், இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதமும் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார்.

அத்தகைய படிப்பாளிக்கு அமெரிக்காவில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அவர் 1954-ல் தாயகம் திரும்பி, ஹோமி பாபாவின் தலைமையில் நடந்துவந்த டாட்டா நிலையத்தில் சேர்ந்தார். அப்போது நிலையம் கேட்வே ஆஃப் இந்தியா அருகே பழைய யாட் கிளப் கட்டடத்தில் இயங்கி வந்தது.

வால்வுகளால் ஆன இயந்திரம்

அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை எளிதானதல்ல. குழுவிலிருந்த இளைஞர்களில் எவரும் அதற்கு முன் கம்ப்யூட்டரை வடிவமைத்தவர்கள் அல்லர். புத்தகங்களையும் வெளிநாட்டு ஆராய்ச்சி அறிக்கைகளையும் படித்து, தாங்களே வரைபடம் போட்டு, தாங்களே இணைப்பு கொடுத்து வேலை செய்தார்கள். 1956-ல் சிறிய மாதிரி இயந்திரம் ஒன்று ஓடத் தொடங்கியது. அந்தத் துணிவில் பெரிய இயந்திரத்தில் கை வைத்தார்கள்.

1960-ல் அது முழு உபயோகத்துக்கு வந்தது. பழைய ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகள் ஆயிரக்கணக்கில் அதில் இருந்தன. பூஜ்யம், ஒன்று என்ற இரண்டே குறிகளால் ஆன 40 இலக்க எண்கள் 2,048 மட்டுமே அதன் நினைவகத்தில் அடங்கும். இன்று கையில் வைத்திருக்கும் போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குக்கூட அந்த இடம் போதாது. 1962 ஜனவரியில் கொலாபாவில் நிலையத்தின் புதிய கட்டடத்தைத் திறக்க வந்த பிரதமர் நேரு, அந்த இயந்திரத்துக்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார்.

இதற்குள் வெளிநாடுகளில் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. டாட்டா நிலையமும் 1964-ல் அமெரிக்காவிலிருந்து பெரிய கம்ப்யூட்டரை வாங்கிப் பொருத்தியது. அப்படியானால் டிஃப்ராக் வீண் உழைப்பா? இல்லை. இயந்திரம் பழசானாலும், அதைக் கட்டியும் ஓட்டியும் பழகியவர்களிடம் தொழில் தங்கியது. அடுத்து வந்த இயந்திரங்களை வெறும் விசை தட்டுவோராக அல்லாமல், உள்விவரம் அறிந்தவர்களாக அவர்கள் கையாண்டார்கள்.

படத்துக்கும் இலக்கணம்

1961 முதல் 1964 வரை நரசிம்மன் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். அணுத்துகள்கள் விட்டுச் செல்லும் தடங்களைப் படம் பிடித்து, அந்தப் படங்களை விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துக் கொண்டிருந்த காலம் அது. எழுத்து சேர்ந்து சொல், சொல் சேர்ந்து வாக்கியம் என்று மொழிக்கு இலக்கணம் இருப்பது போல, புள்ளி சேர்ந்து கோடு, கோடு சேர்ந்து உருவம் என்று படத்துக்கும் இலக்கணம் வகுத்தால் கம்ப்யூட்டரே படத்தைப் படித்துவிடும் என்று அவர் வழி காட்டினார். செயற்கை அறிவுத் துறையில் உலக அளவில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்த ஆராய்ச்சி.

சங்கமும் நிறுவனமும்

1965-ல் தொடங்கிய இந்தியக் கம்ப்யூட்டர் சங்கத்தின் முதல் தலைவர் அவரே. மென்பொருள் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் என டாட்டா நிலையத்தில் எழுந்த தேசிய மையத்தையும் அவர் நடத்தினார். அரசுடைமையான சி.எம்.சி. நிறுவனத்துக்கும் அவர் தலைவராக இருந்தார். ஐ.பி.எம். கம்பெனி 1978-ல் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அது விட்டுச் சென்ற இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பொறுப்பு சி.எம்.சி.யிடம் வந்தது. புதுடில்லியில் 1986-ல் ரயில் முன்பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய திட்டமும் அதே நிறுவனத்தின் கைவண்ணமே. 1977-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மழலையிடம் பாடம்

இயந்திரத்துக்கு அறிவு புகட்ட வேண்டுமானால், மனிதனுக்கு அறிவு எப்படி வளர்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. குழந்தை இலக்கணம் படித்தா பேசுகிறது? அம்மாவும் வீட்டாரும் கொஞ்சுவதையும் கேட்பதையும் அதட்டுவதையும் கேட்டுக் கேட்டுத்தானே பேசுகிறது! ஆகவே தமிழ் பேசும் குழந்தை ஒன்றின் பேச்சை, அதன் ஒன்பதாம் மாதம் முதல் இரண்டே முக்கால் வயது வரை, சக ஆராய்ச்சியாளர் ஒருவருடன் சேர்ந்து அவர் பதிவு செய்து ஆராய்ந்தார். பிறநாட்டு அறிஞர்களும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் அந்தப் பதிவு சர்வதேச மழலைப் பேச்சுத் தொகுப்பில் இடம் பெற்றிருக்கிறது.

1990-ல் ஓய்வு பெற்ற பின்னும் அவர் எழுத்தை விடவில்லை. செயற்கை அறிவு பற்றிய அவரது நூல் ஒன்று 2004-ல், அவருடைய 78-வது வயதில் வெளிவந்தது. 2007 செப்டம்பர் 3-ந் தேதி பெங்களூரில் காலமானார்.

இன்று இயந்திரங்கள் மனிதரைப் போலவே வாக்கியம் அமைக்கின்றன. அவை கற்பதோ கோடிக்கணக்கான பக்க எழுத்திலிருந்து. எழுத்தே அறியாத குழந்தை, வீட்டுப் பேச்சைக் கொண்டே எப்படி இவ்வளவு விரைவில் மொழியைப் பிடித்துக் கொள்கிறது என்ற நரசிம்மனின் கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.