ரேடியத்தைக் காத்த அம்மையார்

அறிவியல் உலகில் பெண்குலத்திற்குப் பெருமை தேடித் தந்தவர்களுள் தலைசிறந்தவர் மேரி கியூரி அம்மையார். அவர் ரேடியத்தைக் கண்டுபிடித்த கதையை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். கண்டுபிடித்த பொருளை அவர் எவ்வளவு கருத்தாய்க் காத்தார் என்பதையும் நாம் அறிதல் நலம்.

அம்மையார் 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் போலந்தின் வார்சா நகரில் பிறந்தார். அந்நாளில் அங்கே பெண்கள் பல்கலைக்கழகத்தில் சேர இயலாது. எனவே வீட்டு ஆசிரியையாக வேலை பார்த்துவிட்டு, 1891இல் பாரிஸ் சென்று பயின்றார். 1895இல் பியேர் கியூரியை மணந்தார். 1898இல் இருவரும் பொலோனியம், ரேடியம் என்னும் தனிமங்களைக் கண்டறிந்தனர். மழை ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கான தாதுவைக் காய்ச்சி, 1902இல் அம்மையார் பிரித்தெடுத்தது கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடே! 1903இலும் 1911இலும் நோபல் பரிசுகள் அவரைத் தேடி வந்தன.

1914இல் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியது. உடனே அம்மையார், தம் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு கிராம் ரேடியத்தைக் கனத்த ஈயப் பெட்டியில் வைத்து, தாமே ரயிலில் போர்டோ நகருக்குக் கொண்டு போய் வங்கியில் ஒப்படைத்துத் திரும்பினார். 1921இல் அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி அவருக்கு ஒரு கிராம் ரேடியம் அளித்தனர். அது குடும்பச் சொத்தாகிவிடாமல் ஆய்வுக்கே சேர வேண்டுமென்று, விழாவுக்கு முந்திய இரவே பத்திரத்தைத் திருத்தச் செய்தார்.

ரேடியம் மருத்துவமனைகளுக்கும் வந்தது. அதைச் சிறு ஊசிகளில் அடைத்துப் புற்றுக் கட்டியில் செருகினர். பலர் நலம் பெற்றனர். ஆனால் ஊசியோ மிகச் சிறியது. கட்டுத் துணியோடு குப்பைக்குப் போனதும் உண்டு. சாக்கடையில் விழுந்ததும் உண்டு. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் தொலைந்த ஊசி கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும். ஆகவேதான் ஊசிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, பதிவேட்டில் எழுத வேண்டியதாயிற்று.

கதிர்களின் கேடு முழுதும் தெரியாத காலத்தில், அம்மையார் ரேடியக் குழாய்களைச் சட்டைப் பையில் வைத்து நடந்தவர். 1934 ஜூலை 4ஆம் நாள் இரத்தம் ஊறாத நோயால் மறைந்தார். அவருடைய குறிப்பேடுகள் இன்றும் பாரிஸில் ஈயப் பெட்டிகளில் உள்ளன.

1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்தில் சீசியம் கொண்ட கருவி ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. இன்னதென்று அறியாதவர்கள் அதைப் பிரித்து, நீல ஒளி வீசிய பொடியைப் பங்கிட்டுக்கொண்டனர். நால்வர் மாண்டனர். அவர்களுள் ஒருத்தி 6 வயதுச் சிறுமி. 249 பேரைக் கதிரியக்கம் பற்றியது.

தோழியரே! ஆய்வுக்கூடத்தில் எடைக்கற்களை எண்ணி வைக்கச் சொன்னால் நாம் அலுத்துக்கொள்கிறோம். ஓர் உயிர் கொல்லும் பொருளையும் உயிர் காக்கும் பொருளாக்குவது இந்தச் சிறு கணக்கே. அம்மையாரைப் போல் நாமும் ஏற்ற பொருளுக்குப் பொறுப்பேற்போமாக!