மனுவிலிருந்து மக்களுக்கு: ஜி. சுப்பிரமணிய ஐயரின் இதழியல் வாழ்வு

முன்னுரை

ஜி. சுப்பிரமணிய ஐயரைத் தி இந்து நாளிதழின் நிறுவனர்களுள் ஒருவராக அறிமுகம் செய்வது வரலாற்று நூல்களின் வழக்கம். அவர் நடத்திய சுதேசமித்திரன் அதன்பின் ஒரு துணைச்செய்தியாகவே குறிக்கப்பெறும். இவ்வரிசையை மாற்றிவைத்துப் பார்க்கும்போதுதான் அவருடைய வாழ்வும், அவ்வாழ்வினூடே சென்னை மாகாணத்தில் செய்தித்தாள் அரசியலில் பெற்ற இடமாற்றமும் விளங்கும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். ஆள்வோரிடம் முறையிடும் கருவியாகத் தொடங்கிய இதழ், ஆளப்படுவோரிடம் பேசும் கருவியாக மாறியது. அம்மாற்றம் மொழி மாற்றத்தோடு நிகழ்ந்தது. அதற்கான விலையை அவர் 1908இல் கொடுக்க நேர்ந்தது.

ஆசிரியப்பணியும் ஆங்கில இதழும்

சுப்பிரமணிய ஐயர் 1855 ஜனவரி 19இல் தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் பிறந்தார். தஞ்சையில் பயின்று, சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளி ஆசிரியரானார். பின்னாளில் திருவல்லிக்கேணியில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியராகவும் விளங்கினார். இதழாசிரியராக அவர் எழுதியவற்றிலும் வகுப்பறையின் சாயல் உண்டு. வாசகர் ஒன்றும் அறியார் என்று கருதாமலும், எல்லாம் அறிவார் என்று விட்டுவிடாமலும் விளக்கிச் செல்வது அவர் முறை.

சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக டி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் எதிர்த்தன. அவற்றுக்கு மறுமொழி கூற இந்தியர் கையில் ஓர் இதழ் இல்லை. இக்குறையைப் போக்கச் சுப்பிரமணிய ஐயர், அவருடைய நண்பரும் சக ஆசிரியருமான எம். வீரராகவாச்சாரியார், சட்டம் பயின்ற மாணவர் நால்வர் ஆகிய அறுவரும் இணைந்தனர். ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி, 80 படிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20இல் தி இந்துவை வார இதழாக வெளியிட்டனர். ஆசிரியர் சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23. மாணவர் நால்வரும் விரைவில் விலகிவிட, பொறுப்பு ஆசிரியர் இருவர்மேல் விழுந்தது. இதழ் 1883இல் வாரம் மும்முறையும் 1889 ஏப்ரல் 1 முதல் நாள்தோறும் வெளிவந்தது.

அந்த 1878ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் லிட்டன் பிரபு இந்திய மொழி இதழ்களை ஒடுக்கும் சட்டத்தை நிறைவேற்றினார். ஆங்கில இதழ்களுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. வங்காளத்து அமிர்த பஜார் பத்திரிகை அதனால்தான் உடனடியாக ஆங்கில இதழாக உருமாறியது. சென்னை மாகாணத்தை அச்சட்டம் தொடவில்லை. எனவே தி இந்து ஆங்கிலத்தில் பிறந்ததற்கு அதையே காரணமாகக் காட்டுவது பொருந்தாது. ஆயினும் அச்சட்டம் வெளிப்படுத்திய மனப்பாங்கு கருதத்தக்கது. ஆங்கிலத்தில் எழுதப்படும் குறைகூறலை அரசு விவாதமாகக் கொண்டது. மக்கள் மொழியில் எழுதப்படுவதையோ கிளர்ச்சியாகக் கண்டது.

தி இந்துவின் முதல் இருபதாண்டு அரசியல் இவ்வெல்லைக்குள் நின்றே பெரும் வலிமை பெற்றது. 1882இல் நிகழ்ந்த சேலம் கலவரத்தை ஒட்டிய வழக்குகளில் தண்டனை பெற்றோர்க்காக அது வாதாடியது. ஆளுநர் கிராண்ட் டஃபின் ஆட்சியைக் கடுமையாகத் தாக்கியது. 1884இல் சென்னை மகாஜன சபை உருவானபோது அதன் முன்னோடிகளுள் இவ்விதழின் ஆசிரியரும் வீரராகவாச்சாரியாரும் இருந்தனர். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சுப்பிரமணிய ஐயரே. இந்திய ஆட்சிமுறையைப் பற்றி விசாரணை வேண்டும் என்பது அதன் பொருள். 1897இல் இந்தியச் செலவினம் பற்றிய வெல்பி குழுவின் முன் இங்கிலாந்தில் சான்றளித்தார். இவை அனைத்தும் மனு, தீர்மானம், சாட்சியம் என்னும் வடிவங்களிலேயே அமைந்தன. கேட்பவர் எப்போதும் ஆள்வோரே.

சுதேசமித்திரன்

லிட்டனின் சட்டம் நீக்கப்பட்ட 1882இலேயே சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனை வார இதழாகத் தொடங்கியிருந்தார். வங்கப் பிரிவினையை ஒட்டிச் சுதேசி என்னும் சொல் முழக்கமாவதற்கு இருபதாண்டுகளுக்கும் மேலாக முன்னரே அச்சொல் ஓர் இதழின் பெயரில் இடம்பெற்றுவிட்டது. எனினும் நெடுங்காலம் அது ஆங்கில இதழின் நிழலிலேயே வளர்ந்தது. நிழல் விலகியதற்குக் காரணம் அரசியல் மட்டுமன்று.

சமூகச் சீர்திருத்தத்தை அவர் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இளமையிலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு 1889இல் பம்பாயில் மறுமணம் செய்வித்தார். உறவும் சுற்றமும் அவரைப் புறக்கணித்தன. அரசை எதிர்த்த தலையங்கங்களை விரும்பிப் படித்த வாசகர் பலருக்கு இந்தச் செயல் கசந்தது. அவருடைய சீர்திருத்த எழுத்தும், அதன் கூர்மை வருவித்த அவதூறு வழக்குகளும் இதழின் பொருள்நிலையைப் பாதித்தன. இருபதாண்டுக் கூட்டுறவு 1898இல் முறிந்தது. தி இந்து வீரராகவாச்சாரியாரிடம் நின்றது. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனோடு வெளியேறினார். மறு ஆண்டே அதை நாளிதழாக்கினார்.

இதனை ஒரு சரிவாகக் காண்போர் உளர். பணத்தளவில் அது சரியாகலாம். ஆனால் நாள்தோறும் தமிழில் அரசியல் பேச வேண்டிய கட்டாயம் இங்குதான் தோன்றியது. வரவுசெலவுக் கணக்கு, நிலவரி, வெளிநாட்டுத் தந்திச் செய்தி ஆகியவற்றை ஆங்கிலம் அறியாத வாசகர்க்கு அன்றன்றே சொல்ல வேண்டும். அதற்கான சொற்களையும் தொடர்களையும் அச்சுக்கோப்பவர் காத்திருக்கும்போதே கண்டாக வேண்டும். ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்ட காலம் அது. ஆகவே வாக்கியம் காதுக்கும் பொருந்த வேண்டியிருந்தது. 1904 நவம்பரில், மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராயிருந்த பாரதியைச் சென்னைக்கு வருவித்து உதவியாசிரியராக்கினார். பாரதியின் உரைநடையை ஆராய்வோர் இப்பயிற்சிக் களத்திற்கு இன்னும் உரிய இடம் அளிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

சுதேசி இயக்கக் காலத்தில் சுப்பிரமணிய ஐயர் மேடைகளில் தமிழில் பேசினார். மிதவாதிகளின் தலைமுறையில் பிறந்த அவர் முறையீட்டு அரசியலிலிருந்து விலகிச் சென்றார். ஆயினும் பாரதிக்கு அவ்வேகம் போதவில்லை. 1906இல் அவர் இந்தியா வார இதழுக்குச் சென்றார்.

1908

1908 ஜூலையில் வ.உ. சிதம்பரனாருக்கும் திலகருக்கும் கடுந்தண்டனைகள் விதிக்கப்பட்டன. ஆகஸ்டில், குற்றாலத்தில் தங்கியிருந்த சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனில் வெளிவந்த எழுத்துகளுக்காக அரசநிந்தனைக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 53, உடல்நலமும் குன்றியிருந்தது. இனி அத்தகைய எழுத்திலிருந்து விலகியிருப்பதாக உறுதியளித்து விடுதலை பெற்றார்.

இவ்வுறுதிமொழியே அவருடைய புகழின்மேல் படிந்த நிழல். செக்கிழுத்தவருக்கு அருகில் வைத்து அவரை அளக்கும்போது அவர் சிறுத்துத் தோன்றுவது இயல்பே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேறோர் அளவையும் உண்டு. ஆங்கில ஆட்சியின் பொருளாதார விளைவுகளைக் கண்டித்து 1903இல் அவர் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டிருந்தார். ஆங்கில இதழில் இருபதாண்டு எழுதியதற்கும் இந்நூலுக்கும் அரசநிந்தனை வழக்கு எழவில்லை. தமிழ் எழுத்துக்கு எழுந்தது. 1903இன் சூழல் வேறு, 1908இன் சூழல் வேறு என்பது உண்மையே. அச்சூழல் வேறுபட்டதற்கே தமிழ்ப் பேச்சும் தமிழ் இதழும் மக்களைச் சென்றடைந்தமை ஒரு காரணம் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் அவ்வாண்டு மார்ச்சில் வீதிக்கு வந்தோர் ஆங்கிலத் தலையங்கம் படித்து வந்தவர்கள் அல்லர்.

அதன்பின் அவருடைய குரல் தாழ்ந்தது, நோயும் முற்றியது. 1915இல் சுதேசமித்திரனை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். ரங்கசாமி ஐயங்கார், 1905இல் தி இந்துவை வாங்கிய கஸ்தூரிரங்க ஐயங்காரின் உறவினர். பிரிந்த இரு இதழ்களும் ஒரு குடும்பத்தின் அருகில் மீண்டும் வந்து சேர்ந்தன. சுப்பிரமணிய ஐயர் 1916 ஏப்ரல் 18இல் காலமானார். 1920இல் பாரதி சுதேசமித்திரனில் மீண்டும் உதவியாசிரியராகச் சேர்ந்தபோது, அவரை முதலில் அங்கு அமர்த்தியவர் மறைந்து நான்காண்டுகள் கழிந்திருந்தன.