அமெரிக்காவின் முதல் அதிபர் கஞ்சா பயிரிட்டாரா? ஜார்ஜ் வாஷிங்டன் தோட்டத்தில் நடந்தது இதுதான்!

ஒரு டாலர் நோட்டில் இருக்கும் முகம் யாருடையது? ஜார்ஜ் வாஷிங்டன். அமெரிக்காவின் முதல் அதிபர். அவர் தன் தோட்டத்தில் கஞ்சா வளர்த்தார் என்றொரு தகவல் சமூக வலைதளங்களில் அவ்வப்போது சுற்றி வரும். அதில் பாதிதான் உண்மை. மீதியை இங்கே பார்க்கலாம்.

அவர் வளர்த்தது ஹெம்ப். கஞ்சா செடியின் இனம்தான், ஆனால் போதைக்காக இல்லை, நாருக்காக வளர்க்கும் வகை. நம்ம ஊர் கடையில் கட்டித் தரும் சணல் கயிறு வேற செடி, இது வேற செடி. அந்தக் காலத்தில் கப்பல் ஓட வேண்டுமென்றால் கயிறுக்கும் பாய்க்கும் ஹெம்ப் வேண்டும். பிரிட்டனின் கடற்படையே அதை நம்பித்தான் இருந்தது.

கடனில் மாட்டிய பண்ணையார்

1732-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர் வாஷிங்டன். 11 வயதில் அப்பா இறந்துவிட்டார். பதின் வயதிலேயே நில அளவை வேலை, பிறகு ராணுவம். 1759-ல் மார்த்தா என்ற வசதியான விதவையைத் திருமணம் செய்துகொண்டு, போடோமாக் ஆற்றங்கரையில் இருந்த மவுண்ட் வெர்னான் பண்ணையில் முழுநேர விவசாயி ஆனார். பின்னாளில் அது 5 பண்ணைகளாக, சுமார் 8,000 ஏக்கராக விரிந்தது.

நிலம் இருந்தது, லாபம்தான் இல்லை. எல்லோரையும் போல அவரும் புகையிலை போட்டார். அது மண்ணின் சத்தை உறிஞ்சிவிட்டது. விளைந்ததை லண்டன் ஏஜென்ட்டுக்கு அனுப்ப வேண்டும், விலை அங்கேதான் முடிவாகும். துணிமணி, மேஜை நாற்காலி எல்லாம் அதே ஏஜென்ட் வழியாகத்தான் வரும். செலவு வரவைத் தாண்டியது. கடன் ஏறியது. இதில் வாஷிங்டனின் ஆடம்பரத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

விதைக்கும் முன் விலை விசாரணை

1764-ல், குடியேற்றப் பகுதிகளில் விளையும் ஹெம்புக்கு பிரிட்டன் ஊக்கத்தொகை அறிவித்தது. வாஷிங்டன் உடனே விதையைத் தூவிவிடவில்லை. ஹெம்ப் என்ன விலைக்குப் போகும், அனுப்பினால் கட்டுப்படியாகுமா என்று இங்கிலாந்து வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்.

1765 மே 12, 13 தேதிகளில் மடி ஹோல் என்ற பண்ணையில், சதுப்பு நிலத்தை ஒட்டி விதைப்பு நடந்தது. ஈரப்பதமான, வளமான மண் அந்தச் செடிக்குத் தேவை. அறுத்த பின் தண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு அழுக வைத்தால்தான் நார் பிரியும். அதற்கு ஆறு இருந்தது.

ஆகஸ்ட் 7-ம் தேதி டைரிக் குறிப்பைத்தான் இன்றைக்கும் பலர் பிடித்துக்கொள்கிறார்கள். ஆண் செடிகளையும் பெண் செடிகளையும் பிரிக்கத் தொடங்கியதாகவும், அது கொஞ்சம் தாமதமாகிவிட்டதாகவும் அதில் எழுதியிருக்கிறார். போதை அதிகமாகத்தான் பிரித்தார் என்பது சமூக வலைதள விளக்கம். விவசாய விளக்கம் ரொம்ப சாதாரணமானது. ஆண் செடி முதலில் முற்றும், அதன் நார் மென்மையாக இருக்கும், அதனால் முதலில் பிடுங்குவார்கள். பெண் செடியை அடுத்த வருஷ விதைக்காக விட்டுவைப்பார்கள். அவர் கஞ்சா புகைத்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

சரி, லாபம் வந்ததா? இல்லை. கையால் பிடுங்கி, ஊறவைத்து, உலர்த்தி, தண்டை நசுக்கி நார் எடுக்கும் வேலைக்கு வருமானம் ஈடாகவில்லை. கடைசியில் கை கொடுத்தது கோதுமைதான். 1766 வாக்கில் மவுண்ட் வெர்னானில் புகையிலையைக் கைவிட்டார். ஹெம்ப் சொந்த உபயோகத்துக்கு மட்டும் நின்றது: கயிறு, நூல், சாக்கு, மீன் வலை. ஆற்றில் மீன்பிடிப்பும் அவருக்கு ஒரு பெரிய தொழில் என்பதால் வலைக்குத் தேவை இருந்துகொண்டே இருந்தது.

அதன் பிறகு போர், சுதந்திரம், 1789-ல் அதிபர் பதவி. ஆனாலும் செடியை மறக்கவில்லை. 1794-ல் பிலடெல்பியாவில் அதிபராக இருந்தபோது, இந்திய ஹெம்ப் விதையை வீணாக்காமல் பெருக்கச் சொல்லிப் பண்ணை மேலாளருக்கு எழுதினார். 2018-ல் மவுண்ட் வெர்னானில் மீண்டும் ஹெம்ப் விதைத்து அறுவடையும் செய்தார்கள், இந்த முறை பார்வையாளர்களுக்காக.

வேலை செய்தது யார்?

வாஷிங்டன் விதைத்தார், வாஷிங்டன் பிரித்தார் என்று எழுதிக்கொண்டே போகிறோம். அந்த அழுகல் நாற்றத்தில் நின்று நார் உரித்தது அவர் இல்லை, அடிமைகள். மடி ஹோல் பண்ணையைப் பல ஆண்டுகள் மேற்பார்வை செய்த டேவி கிரேயும் ஓர் அடிமைதான். வாஷிங்டன் இறந்த 1799-ல் மவுண்ட் வெர்னானில் இருந்த அடிமைகள் 317 பேர்.

அந்த டிசம்பரில் பனியிலும் மழையிலும் குதிரையில் பண்ணையைச் சுற்றி வந்தவருக்குத் தொண்டையில் தொற்று ஏற்பட்டது. ரத்தத்தை வெளியேற்றுவதுதான் அன்றைய வைத்தியம். டிசம்பர் 14-ம் தேதி இறந்தார்.

தனக்குச் சொந்தமான 123 பேரை, மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுவிக்கச் சொல்லி உயில் எழுதியிருந்தார். மார்த்தா அதுவரை காத்திருக்காமல் 1801 ஜனவரி 1-ம் தேதியே அவர்களை விடுவித்தார். இன்னும் 153 பேர் மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்து. அவர்கள் மீது உயில் செல்லாது. 1802-ல் மார்த்தா இறந்ததும், விடுதலையானவர்களின் மனைவி, கணவன், பிள்ளைகள் பலரும் அடங்கிய அந்தக் கூட்டத்தை நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தார்கள்.